சீட்டு கைப்பேசிக்குள், தாளில் வரவில்லை!

 

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. இஷாத் தொழுகை முடிந்து இல்லம் திரும்பி உணவுக்கு அமர்ந்த வேளையில் கதவு தட்டப்பட்டது. எமது தெருவின் கடைசி வீட்டில் வசிக்கும் சகோதரி ஒருவர் தம் சின்ன மகனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். முகத்தில் கலக்கம்.

"ஹஜ்ரத், மகளுக்கு நாளைக்குப் பரீட்சை. சீட்டு போனுக்குள்ளேயே இருக்கு, தாளில் வர மாட்டேங்குது. நீங்க மத்ரஸாவில் போனிலிருந்தே பிரிண்ட் எடுப்பீங்கன்னு பையன் சொன்னான்" என்றார்.

மருத்துவப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வு அது. அனுமதிச் சீட்டைத் தாளில் அச்சிட்டு, புகைப்படம் ஒட்டி எடுத்துச் செல்லாவிட்டால் தேர்வுக் கூடத்தின் வாயிலைத் தாண்ட இயலாது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பெண் பிள்ளை இரவு பகல் பாராது படித்ததைத் தெருவே அறியும். அவ்வளவு உழைப்பும் அந்த இரவில் மூன்று தாள்களைச் சார்ந்து நின்றது. தெரு முனையில் இருந்த பிரவுசிங் சென்டரையோ அடைத்துவிட்டார்கள்.

'முன்னதாகவே கடையில் எடுத்திருக்கக் கூடாதா?' என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். அதற்கு அச்சகோதரி சொன்ன பதில் சிந்திக்க வைத்தது. சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பத்திற்காக மகளின் புகைப்படத்தையும் ஆதார் அட்டையையும் ஒரு கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே கடைக்கு வேறு வேலையாகச் சென்றபோது, கடைக் கணினியின் முகப்பிலேயே மகளின் புகைப்படம் இன்னும் கிடந்ததாம். பக்கத்தில் ஊரார் பலரின் பாஸ்போர்ட் நகல்கள். கடைக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று சொல்வதற்கில்லை. அழிக்க வேண்டும் என்ற நினைப்பு இல்லாதவர், அவ்வளவுதான். ஆயினும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட படமும் ஆவணமும் அமானிதமன்றோ? அந்த வேதனையில்தான், விடுமுறையில் வந்த கணவர் சவூதியில் சேர்த்த பணத்தைக் கொண்டு வீட்டுக்கென்றே ஒரு வைஃபை பிரிண்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனார். வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறதே என்ற தைரியம்தான் அன்றிரவு வரை அவர்களைத் தாமதிக்க வைத்தது.

இல்லத்தாரையும் உடன் அழைத்துக் கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றோம். இவ்வெளியவன் கணினிப் பொறியாளன் அல்லன். கல்லூரியில் கலைப்பாடம் பயின்றவன். ஆனால் மத்ரஸாவின் வினாத்தாள்களைப் பல ஆண்டுகளாக அச்சிட்டு, பிரிண்டரோடு மல்லுக்கட்டிப் பழகியவன். பழக்கத்தில் கற்றுக்கொண்ட முதற்பாடம் இது: பிரிண்டரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும். "கடைசியாக எப்போது அச்சடித்தது? அதற்குப் பின் வீட்டில் எது மாறியது?"

ரமளானுக்கு முன் நன்றாக அச்சடித்ததாம். அதன்பின் எதுவுமே மாறவில்லை என்று தாயும் மகளும் உறுதியாகச் சொன்னார்கள். செயலியை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாயிற்று. கைப்பேசியை அணைத்து எழுப்பியாயிற்று. பிரிண்டரின் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகியாயிற்று. 'பிரிண்டர் எதுவும் காணப்படவில்லை' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. நாம் பிரிண்டரின் முகத்தைப் பார்த்தோம். நிலையாக எரிய வேண்டிய நீல விளக்கு விட்டு விட்டு மின்னிக் கொண்டிருந்தது.

அப்போது சின்ன மகன் குறுக்கிட்டான். "கோடை மழையில் இடி இடிச்சு வைஃபை பெட்டி எரிஞ்சு போச்சே! கேபிள்காரர் வந்து புதுசு மாட்டினாரே!"

நோய் பிடிபட்டது. பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. முன்பு இருந்த ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அந்தப் பெயர் இப்போது வீட்டில் இல்லை. ஒன்றரை மாதமாக அது பழைய பெயரையே தேடிக் கொண்டிருந்திருக்கிறது. கைப்பேசிகளுக்கெல்லாம் கேபிள்காரர் புதிய பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனார். பிரிண்டருக்குச் சொல்வார் எவருமில்லை.

வாசகர்களே! கம்பியில்லாமல் அச்சிடுவது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்றே விளங்கிக் கொண்டால், இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவற்றை நீங்களே தீர்த்துக் கொள்ளலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புச் செய்தால் அது நம் மஹல்லாவுக்குள் கேட்கும். அடுத்த ஊருக்குக் கேட்காது. கைப்பேசியில் 'அச்சிடு' என்பதைத் தொட்டவுடன் நடப்பதும் அதுவே. அது தான் இணைந்திருக்கும் வைஃபை வலைக்குள், "இங்கே பிரிண்டர் யாரேனும் உண்டா?" என்று பொதுவாகக் கூவுகிறது. இந்தக் கூவலுக்கென்றே 224.0.0.251 என்ற முகவரியை உலகெங்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே வலைக்குள் விழித்திருக்கும் பிரிண்டர், "நான் இருக்கிறேன், என் பெயர் இது, இன்ன தாளில், இன்ன வண்ணத்தில் அச்சிடுவேன்" என்று விடை சொல்கிறது. பிறகுதான் ஆவணம் அனுப்பப்படுகிறது. ஆக, இருவரும் ஒரே மஹல்லாவில் இருக்க வேண்டும். இடையே கூவலை மறிக்கும் சுவர் இருக்கக் கூடாது. கோளாறுகளில் முக்கால்வாசி இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முற்காலத்தில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் அதற்கே உரிய டிரைவர் என்ற மென்பொருளைக் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைக் கைப்பேசிகளில் முதலில் ஒழித்தது ஆப்பிள் நிறுவனம். 2010ஆம் ஆண்டு ஏர்பிரிண்ட் என்ற முறையை அது வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2013இல் வந்த 4.4 பதிப்பில் அச்சிடும் வசதி உள்ளேயே அமைந்தது. அதே 2013இல் கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, எந்தக் கைப்பேசியும் எந்தப் பிரிண்டருடனும் பேசத்தக்க பொது முறையைப் பரப்பின. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், தனிச் செயலி எதுவும் இல்லாமலேயே பல பிரிண்டர்களில் அச்சிடலாம். ஆகவே பிரிண்டர் வாங்குவோர் பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற இரு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நலம். பழைய பிரிண்டர் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: கூகுள் நிறுவனம் நடத்தி வந்த கிளவுட் பிரிண்ட் என்ற சேவை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பிரிண்டர்கள் கைப்பேசிக்கு எட்டாமற் போனதற்கு உங்கள் கைப்பிழை காரணமன்று.

இனி அன்றிரவுக்கு வருவோம். முறைப்படி செய்வதென்றால், பிரிண்டரின் பழைய நினைவை அழித்து, செயலி வழியாகப் புதிய ரூட்டரோடு இணைக்க வேண்டும். ஆனால் செயலியோ கணக்குத் தொடங்கு, மின்னஞ்சலைச் சரிபார் என்று இழுத்தடித்தது. பிரிண்டரை அமைத்துத் தந்த தாய்மாமன் கத்தாரில் இரவுப் பணியில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. அந்நேரத்தில்தான் ஓர் எண்ணம் தோன்றியது. பிரிண்டர் பழைய பெயரைத்தானே தேடுகிறது? அந்தப் பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டால் என்ன?

"பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் யாருக்கேனும் நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். பிள்ளை ஓடிப் போய், சுவரில் தொங்கிய பள்ளிவாசல் தொழுகை நேர அட்டவணையைக் கழற்றிக் கொண்டு வந்தாள். அதன் பின்புறத்தில் மாமா இரண்டையும் பேனாவால் எழுதி வைத்திருந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக!

தாயாரின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் அமைப்பைத் திறந்தோம். அதன் பெயரை அழித்துவிட்டுப் பழைய ரூட்டரின் பெயரை எழுத்துப் பிசகாமல் இட்டோம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடையிலுள்ள இடைவெளி யாவும் அப்படியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிரிண்டர் அதை அந்நியராகவே கருதும். பாஸ்வேர்டையும் அப்படியே இட்டோம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 என்பதையும், அலைவரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதையும் தேர்ந்தோம். ஹாட்ஸ்பாட்டை இயக்கிவிட்டு, பிரிண்டரை ஒரு முறை அணைத்து எழுப்பினோம். ஒரு நிமிடம் மின்னியது; இரண்டாவது நிமிடத்தில் நீல விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரியத் தொடங்கியது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற சொல் அவ்வீட்டில் நான்கு குரல்களில் எழுந்தது.

மகளின் கைப்பேசியை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்தோம். (ஹாட்ஸ்பாட் தரும் கைப்பேசியிலிருந்தே அச்சிடுவது சிலவற்றில் இயலும், சிலவற்றில் இயலாது. எனவே இரண்டாவது கைப்பேசி ஒன்று இருப்பது நல்லது.) அனுமதிச் சீட்டு முன்பே பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. திறந்து 'அச்சிடு' என்றதும் பிரிண்டரின் பெயர் பட்டியலில் வந்து நின்றது. அழுத்தினோம். பிரிண்டர் உறுமியது, தாள் வரவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது!

இதுவும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி நேர்வதே. கைப்பேசியில் தாளின் அளவு 'லெட்டர்' என்று இருந்தது. அது அமெரிக்காவில் வழங்கும் அளவு: 216க்கு 279 மில்லிமீட்டர். நம் நாட்டில் நாம் வைப்பதோ 210க்கு 297 மில்லிமீட்டர் உள்ள ஏ4 தாள். கேட்ட தாள் இல்லையே என்று பிரிண்டர் முகம் திருப்பிக் கொள்கிறது. அளவை ஏ4 என்று மாற்றி, வரிசையில் சிக்கியிருந்த முந்தைய கட்டளையை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினோம். முதல் தாள் வெளிறிய கோடுகளோடு வந்தது. ஒன்றரை மாதம் வேலையின்றிக் கிடந்ததால் மை முனைகள் காய்ந்திருந்தன. சுத்தம் செய்யும் கட்டளையை ஒரு முறை ஓடவிட்ட பின், மூன்று பக்கங்களும் பளிச்சென்று வந்து விழுந்தன. பிள்ளை அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்கும் ஆற்றல் நமக்கில்லை. மணி பத்தே முக்கால்.

மறு வாரம் நிலையான ஏற்பாடு செய்தோம். கேபிள்காரரை அழைத்து, புதிய ரூட்டருக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைக்கச் சொன்னோம். ஐந்து நிமிட வேலை. பிரிண்டர் தானாகவே இணைந்து கொண்டது. மாமா மாட்டிவிட்டுப் போன கண்காணிப்புக் கேமராவும் பழைய பெயரைத் தேடிக் கொண்டு கிடந்தது. அதுவும் உயிர் பெற்றது. ரூட்டர் மாற்றும் வீட்டார் இதை நினைவில் வைத்திருங்கள். பாஸ்வேர்டு அயலாருக்கு வெளிப்பட்டுவிட்டது என்ற ஐயம் இருந்தால் மட்டும் புதியது வையுங்கள். அப்போது பிரிண்டருக்கும் அதைக் கற்றுத்தர மறவாதீர்கள்.

எல்லா வீட்டிலும் ரூட்டர் இடியில் எரிவதில்லை. வேறு காரணங்களையும் சொல்லியாக வேண்டும்.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளின் கைப்பேசியில் நாம் அடிக்கடி காண்பது விபிஎன் என்ற செயலி. வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசுவதற்காக அங்கே ஏற்றியிருப்பார்கள். (அந்நாட்டுச் சட்டம் அதை எவ்வாறு பார்க்கிறது என்பதை அவரவர் விசாரித்தறிவது கடமை.) ஊருக்கு வந்த பின்னும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். விபிஎன் என்பது கைப்பேசியின் பேச்சு முழுவதையும் ஒரு சுரங்கத்தின் வழியே எங்கோ தொலைதேசத்திற்கு அனுப்பும் ஏற்பாடு. பக்கத்து அறையிலுள்ள பிரிண்டரைக் கூவி அழைத்தாலும் அக்கூவல் வீட்டுக்குள் கேட்காமற் போகும். அம்மாவின் கைப்பேசியில் பிரிண்டர் தெரிகிறது, அத்தாவின் கைப்பேசியில் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டு முயலுங்கள்.

அடுத்தது விருந்தினர் வைஃபை. சில ரூட்டர்களில் வீட்டாருக்கு ஒன்றும் விருந்தினருக்கு ஒன்றுமாக இரு வலைகள் இருக்கும். விருந்தினர் வலையில் இருப்போர் இணையத்தை மட்டுமே பார்க்கலாம்; வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பார்க்க இயலாது. பாதுகாப்பு கருதியே அப்படிச் செய்திருக்கிறார்கள். விடுதிகள், அலுவலகங்கள், சில கல்வி நிலையங்களின் வைஃபையிலும் இதே தடுப்பு உண்டு. கைப்பேசியில் இணையம் நன்றாக வருகிறதே என்பதைக் கொண்டு பிரிண்டரும் எட்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அலைவரிசையைப் பற்றியும் ஒரு சொல். இக்கால ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றிற்கு 2.4 மட்டுமே தெரியும். இணைந்த பின்னர், கைப்பேசி 5லும் பிரிண்டர் 2.4லும் இருந்தாலும் பொதுவாகப் பாதகமில்லை. ரூட்டர் இரண்டையும் ஒரே வலையாகவே நடத்தும். தொல்லை வருவது முதன்முதலாக இணைக்கும்போதுதான். அந்நேரம் கைப்பேசியையும் 2.4இல் வைத்துக் கொள்ளுங்கள். ரூட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது. 2, 3 இரண்டும் கலந்த அமைப்பை வையுங்கள்.

மின்வெட்டு நமக்குப் பழகிப்போன ஒன்று. மின்சாரம் திரும்பியதும் ரூட்டரும் பிரிண்டரும் ஒருசேர எழும். பிரிண்டர் சீக்கிரம் எழுந்து தேடும்; ரூட்டரோ முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடங்கள் எடுக்கும். தேடிக் களைத்த சில பிரிண்டர்கள் அப்படியே அடங்கிவிடும். ரூட்டர் நன்கு எழுந்த பின் பிரிண்டரை அணைத்து மறுபடி எழுப்பினால் போதும். மின்வெட்டால் இன்னொரு விளைவும் உண்டு. ரூட்டர் தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கிறது; அது அந்தக் கருவிக்கு நிரந்தரச் சொந்தமன்று. நேற்று 192.168.1.5இல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9இல் இருக்கக் கூடும். கைப்பேசிச் செயலி பழைய கதவையே தட்டிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும். பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ரூட்டரில் பிரிண்டருக்கென ஒரே எண்ணை ஒதுக்கி வைக்கும் வசதி உண்டு. கேபிள்காரர் வரும் நாளில் சொல்லிச் செய்து கொள்ளலாம்.

கைப்பேசிக்குள்ளே கவனிக்க வேண்டியவை சில. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் 'அச்சிடல்' என்று தேடினால் அச்சுச் சேவை என்றொரு பகுதி வரும்; அது இயக்கத்தில் இருக்க வேண்டும். பிரிண்டர் நிறுவனத்தின் செயலியை முதன்முதலாகத் திறக்கும்போது, அருகிலுள்ள கருவிகளைக் காண அனுமதி கேட்கும். சில, இருப்பிட அனுமதியும் கேட்கும். நாம் எச்சரிக்கையாக 'மறு' என்று அழுத்தியிருப்போம். எச்சரிக்கை நல்லதுதான், ஆனால் அனுமதி இல்லாமல் அதற்குப் பிரிண்டர் தெரியாது. ஐபோனில் 2020இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்ற தனி அனுமதி உண்டு. அதை மறுத்துவிட்டு மாதக் கணக்கில் தவித்தவர்கள் நமக்குத் தெரிந்தே இருவர்.

ஆதார் கோப்பை அச்சிட முயன்று தோற்றவர்கள் பலர். அரசுத் தளத்திலிருந்து இறக்கும் ஆதார் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, பிறந்த ஆண்டையும் சேர்த்தால் திறக்கும். பூட்டிய கோப்பை நேரடியாகப் பிரிண்டருக்கு அனுப்பினால் கைப்பேசி மறுத்துவிடும். பிடிஎஃப் படிக்கும் செயலி ஒன்றில் பாஸ்வேர்டு இட்டுத் திறந்து, அங்கிருந்தே 'அச்சிடு' என்று கொடுங்கள்.

ரூட்டரே இல்லாத வீடுகளுக்கும் வழியுண்டு. பெரும்பாலான வைஃபை பிரிண்டர்கள் தமக்கென ஒரு சிறு வைஃபையைத் தாமே வீசும். கைப்பேசியின் வைஃபை பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரைக் காணலாம். அதில் நேரடியாக இணைந்து அச்சிடலாம். ஆனால் அந்த வைஃபையில் இணையம் இருக்காது. எனவே வேண்டிய கோப்பை முன்பே இறக்கி வைத்துக் கொள்ள வேண்டும். இணையம் இல்லாத வைஃபையை விட்டுக் கைப்பேசி தானாகவே விலகவும் கூடும். அச்சிடும் வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். அதற்கான பாஸ்வேர்டைப் பிரிண்டரின் தகவல் தாளில் அச்சிட்டுப் பெறலாம்; எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். சில பிரிண்டர்களில் அது 12345678 என்றே வைக்கப்பட்டு வருகிறது. அதை அப்படியே விட்டால் பக்கத்து வீட்டார் உங்கள் பிரிண்டரில் அச்சடிக்கலாம். மாற்றிவிடுங்கள்.

மத்ரஸாக்களில் பணியாற்றும் உஸ்தாதுமார்களுக்கும் ஆலிமாக்களுக்கும் தனியாக ஒரு விஷயம். கைப்பேசியில் தட்டச்சு செய்த அரபி வினாத்தாள் திரையில் அழகாக இருக்கும். தாளில் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்தோ, ஹரகத்துகள் இடம் மாறியோ வரும். எழுதிய செயலியிலிருந்து நேரே அச்சிடாமல், முதலில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைத் திறந்து கண்ணால் சரிபார்த்த பின் அச்சிட்டால் பெரும்பாலும் இத்தொல்லை வராது. அத்துடன், பிரிண்டரைச் சோதிப்பதற்கு ஆயத்துகள் உள்ள பக்கத்தை அனுப்பாதீர்கள். பாதி அச்சாகி, கோடு விழுந்து, கசங்கி வெளிவரும் தாளைக் குப்பையில் போடவும் மனம் வராது. என்ன செய்வதென்றும் தெரியாது. நமது மத்ரஸாவில் ஒரு காலத்தில் அத்தகைய தாள்களே ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. சோதனைக்கு வெறும் எண்களோ பால் கணக்கோ போதும்.

மை பிரிண்டர் வைத்திருப்போர் வாரம் ஒரு முறையாவது வண்ணத்தில் ஒரு பக்கம் அச்சிடுங்கள்; இல்லையெனில் காய்ந்த முனைகளைச் சுத்தம் செய்வதிலேயே மை செலவாகிவிடும். பிரிண்டரை விற்பதாயினும், பழுது பார்க்கக் கொடுத்து மாற்று வாங்குவதாயினும், 'ஃபேக்டரி ரீசெட்' செய்து உங்கள் வைஃபை பாஸ்வேர்டை அதன் நினைவிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். கடைக் கணினியைப் பற்றி அச்சகோதரி சொன்னது இதற்கும் பொருந்தும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் பிரிண்டர் தெரியவில்லை என்றால் நமக்கு எழுதுங்கள். பிரிண்டரின் மாதிரி எண், எந்த விளக்கு எந்த நிறத்தில் மின்னுகிறது, கடைசியாக அச்சிட்ட நாளுக்குப் பின் வீட்டில் எது மாறியது ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டாம். பலருக்கும் பொதுவான கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.